தராசுக்கு விழுந்த ஓட்டு

கேள்வி: 2013 மலேசியப் பொதுத் தேர்தல்ல ஆளுங்கட்சிக் கூட்டணியான பாரிசானுக்கு 47 சதவீத ஓட்டுதான், எதிர்க்கட்சிக் கூட்டணிக்கு 50க்கு மேல. ஆனாலும் 222ல 133 சீட்டு பாரிசானுக்கு! இத்தனை இனம் இருக்கிற மலேசியாவ 2018 வரைக்கும் ஒரே கூட்டணி எப்படிங்க கையில வச்சிருந்துச்சு? மக்களப் பயமுறுத்தியா?
- ஈப்போ வாசகர்

பதில்: பயமும் உண்டுங்க. 1969 மே 13 மலாய்-சீனர் கலவரத்த ஞாபகப்படுத்தாத தேர்தலே கிடையாது, 1987ல லாலாங்னு பேர் வச்ச போலீஸ் நடவடிக்கைல நூறு பேருக்கு மேல விசாரணை இல்லாமலே உள்ள தூக்கிப் போட்டாங்க. ஆனா நீங்க சொல்ற அந்த 133க்குக் காரணம் தொகுதி எல்லைதான். அதே 2013ல காப்பார்ல 1 லட்சத்து 44 ஆயிரம் வாக்காளர், புத்ராஜெயாவுல 16 ஆயிரம் கூட இல்ல, ரெண்டுக்கும் ஆளுக்கு ஒரு எம்பி! ஒரு தொகுதி இன்னொண்ண விட எவ்ளோ பெருசா இருக்கலாம்னு அரசியல் சட்டத்துல முதல்ல ஒரு வரம்பு இருந்துச்சு, 1973ல அதையும் எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, எதிரிய உள்ள இழுத்துக்கிறது. 69 தேர்தல்ல வாங்குன அடிக்கப்புறம் பிரதமர் துன் ரசாக் கெராக்கான், பாஸ்னு எதிர்ல நின்ன கட்சிங்களையே கூட்டணிக்குள்ள கொண்டு வந்தாரு, அப்படி வந்ததுதான் பாரிசான். போர்னியோ தீவுல இருக்கிற சபா, சரவாக் மாநிலத்துச் சீட்டெல்லாம் பாரிசானுக்கு 'ஃபிக்ஸட் டெபாசிட்'னே பேராகிப் போச்சு.

கேள்வி: பாரிசான்ல இருக்கிற இந்தியர் கட்சி ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சுதந்திரத்துல இருந்து அமைச்சரவையில இருந்துச்சே, தோட்டத் தமிழனுக்கு ஏன் விடியல?
- கிள்ளான் வாசகி

பதில்: அம்மா, இதச் சொல்லும்போதே மனசு கொதிக்குது. இந்தியர் பாதிக்கு மேல இருக்கிற நாடாளுமன்றத் தொகுதி மலேசியாவுல ஒண்ணு கூட கிடையாது. ஓட்டுச் சீட்டுல ம.இ.கா. கொடி இருக்காது, பாரிசானோட தராசு சின்னம் மட்டும்தான், கிராமத்து மலாய்க்காரர் கூட்டணியோட பெரிய மலாய்க் கட்சி அம்னோவ நெனச்சு தராசுல கோடு போடுவாரு, ஜெயிக்கிறது ம.இ.கா. வேட்பாளர். எந்தத் தொகுதி, யாரு வேட்பாளர் எல்லாமே அம்னோ சரின்னாதான் நடக்கும்னா, தோட்டம் கைமாறி தொழிலாளிங்க இருக்கிற லயத்து வீட்ட இடிக்க வர்ற அன்னிக்கு அந்த எம்பி யாரோட சண்டை போடுவாரு சொல்லுங்க? உள்ள பேசிக்கலாம், வெளிய வாய் திறக்கக் கூடாதுங்கிறதுதான் கூட்டணி வழக்கம், உள்ள என்ன பேசுனாங்கன்னு நமக்கு யாரு சொன்னா? மானியம் வந்தா மாலை போட்டு வாங்கிக்கிட்டோம், அது நம்ம உரிமைன்னு கேக்கவே ரொம்ப வருஷமாச்சு.

2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப்ங்கிற இந்தியர் உரிமை இயக்கத்தோட பேரணில கண்ணீர்ப்புகையையும் தாண்டி சனம் நின்னுச்சு பாருங்க, அங்கதான் கணக்கு மாறுச்சு. 2004ல 9 சீட்டு ஜெயிச்ச ம.இ.கா. 2008ல மூணு, கட்சித் தலைவர் சாமிவேலுவே சுங்கை சிப்புட் தொகுதில தோத்தாரு, பாரிசானுக்கு மூணுல ரெண்டு பங்கு பலமும் போச்சு. 2022ல ம.இ.கா.வுக்குக் கிடைச்சது தாப்பா தொகுதி ஒண்ணுதான்.