பெருக்கமரத்து டிஎன்ஏ ஏன் கொழகொழவென்று வருகிறது?

கேள்வி: கென்யாவின் கிலிஃபியில் பெருக்கமரங்களை (பாவோபாப்) காக்கும் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். எந்தெந்த மரங்களில் விதை எடுத்து நாற்று விடுவது என்று முடிவு செய்ய, அவற்றின் மரபணுத்தொகையைப் படிக்க நினைக்கிறோம். இரண்டு முறை இலை அனுப்பினோம். டிஎன்ஏ பசையாக இருக்கிறது, படிக்க முடியாது என்று ஆய்வகத்தில் சொல்லிவிட்டார்கள். எங்கே தவறு?

பதில்: புதிதாக ஒரு முழு மரபணுத்தொகையை நீங்கள் உருவாக்கத் தேவையில்லை. ஆப்பிரிக்கப் பெருக்கமரத்தின் குரோமோசோம் அளவிலான வரிசை 2024-இலேயே வெளிவந்துவிட்டது. அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, இருக்கும் பணத்தில் நிறைய மரங்களைப் படியுங்கள். ஓர் இடத்துக்கு 20 முதல் 30 மரங்கள் வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை தாயும் பிள்ளையுமாக இருக்கக்கூடும், ஆகவே இடைவெளி விட்டுத் தேர்ந்தெடுங்கள். இளம் மரங்கள் தென்பட்டால் தனிக் குழுவாக எடுங்கள். கிழமரங்களில் இருக்கும் மரபணுப் பன்மை அடுத்த தலைமுறைக்கு வந்திருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

இனி பசைக்கு வருவோம். பெருக்கமரமும் வெண்டையும் ஒரே குடும்பம். நைஜீரியாவில் ஹவுசா மக்கள் இந்த இலையை உலர்த்திப் பொடித்துத்தான் குக்கா சூப் வைக்கிறார்கள். சூப்பைக் கெட்டியாக்கும் அதே பசை, ஆய்வகக் குழாயில் டிஎன்ஏவோடு சேர்ந்து படிந்து நொதிகளை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

மழை தொடங்கியதும் விரியும் தளிரைப் பறியுங்கள். முற்றிய இலையில் பசையும் பாலிஃபீனாலும் (இலையைக் கறுக்க வைக்கும் துவர்ப்புப் பொருள்) அதிகம். பறித்ததும் காபி வடிகட்டும் தாளில் சுற்றி, இலை எடையைப் போல் குறைந்தது பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) புதையுங்கள். மறுநாள் எடுத்து மடக்கிப் பாருங்கள்: சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் சிலிக்காவை மாற்றுங்கள். வெறும் பாலித்தீன் பையில் வைத்தால் கடலோர வெக்கையில் இலை கறுத்து, டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும்.

ஆய்வகத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது முன்கழுவல்தான். அரைத்த இலையை 0.35 மோலார் சார்பிட்டால் கரைசலில் கலக்கிச் சுழற்றி, மேல்நீரைக் கொட்ட வேண்டும். அந்த நீர் இழுபடாமல் தெளியும்வரை இரண்டு மூன்று முறை செய்யச் சொல்லுங்கள். அதன்பிறகே சிடிஏபி முறை, அதாவது செல்லை உடைத்து டிஎன்ஏவைப் பிரிக்கும் சலவைப்பொருளைக் கொண்ட முறை: சிடிஏபி 2 சதவீதம், பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி 2 சதவீதம், உப்பை வழக்கமான 1.4 மோலாரிலிருந்து 2-க்கு மேல் உயர்த்த வேண்டும். உப்பு கூடினால் பசை கரைசலிலேயே தங்கிவிடும். கறுப்பதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலைக் கடைசி நேரத்தில் சேர்த்து, 65 டிகிரியில் 45 நிமிடம் வைத்து, குளோரோஃபார்மில் இரண்டு முறை பிரிக்கட்டும். டிஎன்ஏ எவ்வளவு சுத்தம் என்று ஒளி உறிஞ்சலால் காட்டும் 260/230 விகிதம் 1.8-க்குக் கீழே வந்தால் மேலே போக வேண்டாம், மறுபடி சுத்தம் செய்யட்டும். டிஎன்ஏ அளவை, அதை மட்டும் ஒளிரவைத்து அளக்கும் கியூபிட் கருவியில் பாருங்கள். ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் கருவி அசுத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் காட்டும்.

கணினி வேலையிலும் ஒரு குழி இருக்கிறது. பெருக்கமர இனங்கள் எட்டில் ஆப்பிரிக்கப் பெருநிலத்தில் வளரும் இது மட்டும் நான்மடியம் (ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டுக்குப் பதில் நான்கு பிரதிகள்), குரோமோசோம்கள் 168. மென்பொருள்கள் இருமடியம் (இரண்டு பிரதிகள்) என்றே எடுத்துக்கொள்ளும், அதை 4 என்று மாற்றாவிட்டால் பன்மைக் கணக்கு முழுவதும் பிழை. பத்து மடங்கு ஆழத்தில், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சராசரியாகப் பத்து முறை மட்டும் படித்தால், ஒரு மாற்றம் நான்கு பிரதிகளில் ஒன்றில் இருக்கிறதா இரண்டிலா என்று பிரித்தறிய முடியாது, குறைந்தது 30 மடங்கு கேளுங்கள்.

கென்ய அறிவியல் ஆணையமான நகோஸ்டியின் ஆய்வு உரிமத்தையும் சுற்றுச்சூழல் ஆணையமான நெமாவின் அனுமதியையும் இலை பறிக்கும் முன்பே வாங்கிவிடுங்கள், நிலத்துக்காரரின் எழுத்து ஒப்புதலும் கையில் இருக்கட்டும். 2022-இல் கிலிஃபியில் பெருக்கமரங்களை வேரோடு பெயர்த்து ஜார்ஜியா நாட்டுக்கு அனுப்ப முயன்றதும் ஜனாதிபதியே விசாரணைக்கு உத்தரவிட்டதும் அங்கே யாரும் மறக்கவில்லை. வெளிநாட்டு ஆய்வகத்துக்கு ஓர் இலை போனாலும் கேள்வி எழும்.