கேள்வி-பதில்: ‘சோதிக்கவில்லை’ என்று விற்கப்படும் பழைய கேமரா

கேள்வி: டர்பனில் பழைய பொருட்கள் விற்கும் ஒரு கடையில் பென்டாக்ஸ் கே1000 கேமராவை 2,800 ராண்டுக்கு வாங்கினேன். முதல் சுருளைக் கழுவியதும் எல்லாப் படங்களிலும் ஆரஞ்சு நிறத் திட்டுகள். “ஃபிலிம் கைவசம் இல்லாததால் சோதிக்கவில்லை என்று சொல்லித்தானே விற்றோம்” என்று கடைக்காரர் கைவிரிக்கிறார். (வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியே பழைய கேமராக்களை மக்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள், கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 1976 முதல் 1997 வரை தயாரான கே1000-இல் ஷட்டர் முழுவதும் இயந்திர விசையால் இயங்குவது; அதிலுள்ள சிறு பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. அதைச் சோதிக்க ஃபிலிம் எதற்கு? பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வேகத்தை ஒரு வினாடியில் வைத்து அழுத்தினால், திரை திறந்து தடுமாறாமல் மூடுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். 1/1000-இல் வைத்து வெளிச்சமான சுவரை நோக்கி அழுத்தும்போது சட்டத்தின் ஓர் ஓரம் இருட்டாகவே இருந்தால், துணித்திரைகளின் ஓட்டம் சீராக இல்லை என்று பொருள். கதவு பொருந்தும் பள்ளத்தில் விரலை வைத்துப் பாருங்கள்: ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை இற்றுப்போயிருந்தால் கருப்புப் பிசினாக விரலில் ஒட்டும். உங்கள் படங்களிலுள்ள திட்டுகளுக்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்கலாம். பொருள் இன்ன நிலையில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் ஒப்புக்கொண்டு வாங்கியிருந்தால் கதை வேறு. ‘சோதிக்கவில்லை’ என்பது என் பார்வையில் எந்த நிலையையும் சொன்னதாகாது. எழுத்து மூலம் கேளுங்கள். பட்டை மாற்றும் செலவைக் கடை ஏற்றுக்கொண்டால் கேமராவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நல்ல கேமரா அது.

கேள்வி: தன் கே1000-இல் செல்ஃப் டைமரும் நன்றாக வேலை செய்கிறது என்கிறார் ஒருவர். வாங்கலாமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: கே1000-இல் செல்ஃப் டைமரே கிடையாது, வாங்காதீர்கள்.

கேள்வி: கேனன் ஏஇ-1 வாங்கினேன். பட்டனை அழுத்தினால் அசையவே இல்லை. பேட்டரி போடவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (வாசகர், டோங்காட்)

பதில்: அதன் ஷட்டர் மின்சாரத்தால் இயங்குவது. 6 வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பார்க்கும் முன்பே கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நியாயமன்று.

கேள்வி: அப்பாவின் ஒலிம்பஸ் ஓஎம்-1-இல் கடைக்காரர் தந்த பேட்டரியைப் போட்டேன். படங்கள் இருண்டு வருகின்றன. (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: அந்த ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது; அது இப்போது விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் முள் தேவைக்கு மேல் ஏறி, ஒளி குறைவாக விழுகிறது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் வளையம் என்று நல்ல விலைக்கு எனக்கு ஒருவர் விற்றது, உள்ளே எதுவுமில்லாத வெறும் பித்தளை வளையம். காது கேட்கும் கருவிக்கான 675 அளவு துத்தநாக-காற்று பேட்டரியை, இடைவெளியை நிரப்பும் சிறு வளையத்தோடு பொருத்துங்கள். அதன் அழுத்தம் பழையதற்கு மிக நெருக்கம். சில மாதங்களில் தீர்ந்துவிடும் என்றாலும் விலை குறைவு.

கேள்வி: தனியார் ஒருவரிடம் கேமரா வாங்கினேன். லென்ஸுக்குள் பூஞ்சை. கேட்டால் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடியே விற்றது) என்கிறார். (வாசகி, வெருலம்)

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, அம்மா. தன் சொந்தப் பொருளை ஒருமுறை விற்பவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது என்பதும், உள்ளபடியே விற்பது செல்லும் என்பதும் உண்மை. ஆனால் குறையை அறிந்தே மறைத்தவருக்கு ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ அடைக்கலம் தராது. அவர் அறிந்திருந்தார் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். “லென்ஸ் சுத்தம்” என்று அவர் அனுப்பிய செய்தி ஏதும் இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். 20,000 ராண்டு வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நீதிமன்றம் விசாரிக்கிறது. அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதியில்லை, நீங்களே பேசலாம். லென்ஸைத் தனி உறையில் வையுங்கள். டர்பன் பக்கத்துப் புழுக்கத்தில் பூஞ்சை மற்ற லென்ஸ்களுக்கும் பரவும்.