பிராங்ஹார்ன் வேட்டைக்குப் பணத்தை எதில் போடுவது? – வாசகர் கேள்விகள்

வயோமிங் மாநிலத்தின் டேக் (ஒரு விலங்கை வேட்டையாடத் தரும் அனுமதிச் சீட்டு) குலுக்கல் முடிவுகள் ஜூனில் வெளியானதிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிராங்ஹார்ன் பற்றித்தான். மணிக்கு 55 மைல் வேகத்தில் ஓடும், மான் போன்ற அந்தப் புல்வெளி விலங்கைத் தேடி நம்மவர்களும் கிளம்பியிருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் கடைக்காரர்கள் உங்கள் தலையில் கட்டும் சாமான்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கிரீன் கார்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. முதல் ரைஃபிள். ஸ்கோப், பைனாகுலர் எல்லாம் சேர்த்து 1,500 டாலர்தான் முடியும். என் மச்சான் .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கச் சொல்கிறார். சரியா அண்ணா? (டென்வர் வாசகர்)

பதில்: மச்சான் மனம் நோகாமல் மறுத்துவிடுங்கள். வளர்ந்த ஆண் பிராங்ஹார்னே 50 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். அந்த மேக்னம் எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கு ஆனது. அது தோளில் உதைக்கிற உதையில், பழகாதவர் நாலாவது தோட்டாவிலேயே டிரிக்கரைத் தொடும்போது கண்ணை மூட ஆரம்பித்துவிடுவார். அப்புறம் அந்தப் பழக்கத்தை விடுவது பெரும்பாடு.

.243 வின்செஸ்டர், .25-06 ரெமிங்டன், 6.5 கிரீட்மோர், .270 வின்செஸ்டர், இந்த நான்கு தோட்டா வகைகளில் எதற்கான ரைஃபிள் நல்ல விலைக்குக் கிடைத்தாலும் எடுக்கலாம். .270 வந்தது 1925-இல். நூறு வருஷமாக இந்த வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. முதல் ரைஃபிள் என்பதால் நான் 6.5 கிரீட்மோரையே சொல்வேன். உதை குறைவு, தோட்டா சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், காற்றுக்கு .243 அளவு விலகாது. காற்று என்று சொன்னது சும்மா இல்லை. வயோமிங் சமவெளியில் குறுக்கே 10 மைல் காற்று அடித்தால், 140 கிரெய்ன் எடையுள்ள குண்டு 300 யார்டில் அரையடிக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளிப்போகும். 20 மைல் என்றால் ஓரடியை நெருங்கும். நெஞ்சுப் பகுதியில் நீங்கள் குறிவைக்கும் இடமே எட்டு, ஒன்பது அங்குலம்தான்.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். ரைஃபிளுக்கு 550 போதும். ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், மாஸ்பெர்க் பேட்ரியட் எல்லாம் அந்த விலையை ஒட்டி வரும், உங்கள் கைத்திறனைவிட நன்றாகவே சுடும். 3-9×40 ஸ்கோப் (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) ஒன்று 250. 10×42 பைனாகுலருக்கு 350. இதில் கை வைக்காதீர்கள், நாளில் முக்கால்வாசி நேரம் உங்கள் கையில் இருக்கப்போவது அதுதான். ரைஃபிளைத் தாங்கிப் பிடிக்க பைபாடோ சுடுகழியோ 100. மீதி 250 முழுவதும் பயிற்சித் தோட்டாவுக்கு. ஆறு பெட்டி சுட்டுப் பழகிய பிறகு வயோமிங் போங்கள்.

கேள்வி: முழு கேமோ உடை செட் 400 டாலர். வாங்கலாமா? (ஃபீனிக்ஸ்)

பதில்: வேண்டாம். ரைஃபிள் வேட்டைக்கு மேலே ஒளிரும் ஆரஞ்சு அல்லது பிங்க் நிறத்தில் ஒரு ஆடையாவது போட்டாக வேண்டும் என்பது வயோமிங் சட்டம். கீழே பழைய காக்கி பேன்ட் போதும். முழங்கால் பட்டையும் தடித்த தோல் கையுறையும் வாங்குங்கள். கடைசி நூறு யார்டு தவழ்ந்துதான் போவீர்கள், தரையெல்லாம் சப்பாத்திக்கள்ளி.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். நண்பருக்கு கிரீன் கார்டு உண்டு. அவர் பெயரில் ரைஃபிள் வாங்கி என்னிடம் கொடுத்தால் பிரச்சினை இல்லை என்கிறார். (டல்லாஸ்)

பதில்: அந்த நண்பர் பேச்சை இனிமேல் எந்த விஷயத்திலும் கேட்காதீர்கள். கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குபவர் யார் என்றுதான் கேட்கிறது. அதில் பொய் சொன்னால் மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். அவருக்குச் சிறை, உங்களுக்கு விசாவும் போகும்.

நேர் வழியே இருக்கிறது. எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்பது பொது விதி. அதற்குச் சில விலக்குகள் உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருப்பது அதில் ஒன்று. முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடியுங்கள். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்கு அது வேண்டும், வயோமிங்கில் 1966 முதல் பிறந்தவர்களுக்கு வேண்டும். பிறகு உரிமம், பிறகு உங்கள் சொந்தப் பெயரில் ரைஃபிள். நண்பரின் ரைஃபிளை ஒரு நாள் இரவல் வாங்குவதும் 'வைத்திருப்பது' என்றே கணக்காகும். உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும், தேதியைக் குறித்து வையுங்கள். ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். வேட்டைச் செலவிலேயே அதுதான் உருப்படியான செலவு.

கேள்வி: பெட்டியில் '1,000 யார்டு' என்று போட்ட ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கினேன். 450 யார்டில் நின்ற பிராங்ஹார்னுக்கு வெறும் கோடுதான் காட்டுகிறது. கருவி பழுதா? (ஒமாஹா)

பதில்: கருவி பழுதில்லை. பெட்டியில்தான் கோளாறு. இதைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்கிறேன், இன்னும் எழுதுவேன்.

அந்த 1,000 யார்டு, ஒளியைத் திருப்பியடிக்கும் பொருளுக்கு. சாலைப் பலகை மாதிரி. லேசர் கற்றை போய்ப் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத்தான் கருவி தூரம் சொல்கிறது. விலங்கின் மயிர் அந்த ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நடுப்பகல் வெயிலும் கை நடுக்கமும் சேர்ந்தால், பெட்டியில் போட்ட தூரத்தில் பாதிகூட மான் வகை விலங்குகளுக்குத் தேறாது. பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'மான்' என்று தனியாக ஓர் எண் இருக்கும். வாங்கும்போது பார்க்க வேண்டியது அதுதான். அந்த எண்ணே போடாத கருவியைத் தொடாதீர்கள். வாங்கிய முப்பது நாளுக்குள் என்றால் திருப்பிக் கொடுங்கள்; பெட்டியையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் அந்தப் பொடி எழுத்தைக் காட்டுங்கள்.

ஸ்கோப் விற்பதிலும் இதே கதை. நான் வாங்கிய ஒரு 6-24 ஸ்கோப்பின் பெட்டியில் நீர் புகாது, ஆவி படியாது என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். குளிர்ந்த காலையில் வண்டியை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்தில் உள்ளே வெள்ளையாகப் படிந்துவிட்டது. எழுதிய கடிதத்துக்குப் பதிலும் இல்லை. அது படியாமல் இருந்திருந்தாலும் 24 மடங்கு அந்தச் சமவெளியில் உதவாது. செப்டம்பர் வெயிலில் தரையிலிருந்து கானல் எழும். உருவத்தைப் பெரிதாக்கினால் கானலும் பெரிதாகும், விலங்கு தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். ஒன்பது மடங்குக்கு மேல் உங்களுக்குத் தேவையில்லை.

இந்தப் பெரிய எண்களை எல்லாம் விற்பது ஒரே ஆசையைக் காட்டித்தான்: தூரத்திலிருந்தே சுட்டுவிடலாம் என்கிற ஆசை. 600 யார்டு போய்ச் சேர 6.5 கிரீட்மோர் குண்டுக்கு முக்கால் வினாடிக்கு மேல் ஆகும். அதற்குள் விலங்கு ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். வயிற்றில் அடிபட்ட பிராங்ஹார்ன் உடனே விழாது. எல்லை தாண்டி ஓடி, யாருக்கும் கிடைக்காமல் எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். இதை எந்த விளம்பரமும் காட்டுவதில்லை. படுத்த நிலையில், காற்றுள்ள நாளில், எட்டு அங்குலத் தட்டைத் தொடர்ந்து எந்தத் தூரம் வரை அடிக்க முடிகிறதோ அதுதான் உங்கள் தூரம். பெரும்பாலானவர்களுக்கு அது 250, 300 யார்டுக்குள் அடங்கும். மீதித் தூரத்தைப் பள்ளங்களுக்குள் மறைந்து தவழ்ந்துதான் குறைக்க வேண்டும். முடிகிற காரியம்தான்.

கேள்வி: துப்பாக்கிச் சந்தையில் பழைய ரெமிங்டன் 700 ஒன்று, .25-06, மலிவாக வருகிறது. நம்பி வாங்கலாமா? (ஸ்போகேன்)

பதில்: நல்ல ரைஃபிள்தான். ஆனால் டிரிக்கரை விசாரிக்காமல் காசு கொடுக்காதீர்கள். 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை செய்த 700, செவன் மாடல்களில் எக்ஸ்-மார்க் புரோ டிரிக்கர் உள்ளவற்றை, தானாகச் சுட்டுவிடும் அபாயம் இருப்பதாக 2014 ஏப்ரலில் நிறுவனமே திரும்ப அழைத்தது. அதற்கும் பழைய வாக்கர் டிரிக்கர் மீது பல வழக்குகள் உண்டு. ரைஃபிளின் வரிசை எண்ணைக் குறித்துவந்து, எந்த வருஷத்தது, டிரிக்கர் மாற்றப்பட்டதா என்று துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது டிரிக்கர் போட 200 டாலர் ஒதுக்கிக்கொண்டு பேரம் பேசுங்கள்.

எந்தப் பழைய ரைஃபிளானாலும் இந்தச் சோதனை செய்யுங்கள். தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்து, குழாயைத் தரைப் பக்கம் திருப்பி, போல்ட்டை ஏற்றி, சேஃப்டியைப் போட்டுவிட்டு டிரிக்கரை இழுத்து விடுங்கள். கையை எடுத்த பின் சேஃப்டியைத் திறக்கும்போது 'டக்' என்று ஊசி விழுந்தால், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சோதிக்க விடமாட்டேன் என்கிறவரிடம் எதுவுமே வாங்க வேண்டாம்.

கேள்வி: இணையக் கடை ஒன்றில் டிக்கா ரைஃபிள் பாதி விலை. ஜெல் (Zelle) என்ற வங்கிப் பணப்பரிமாற்றத்தில் 480 டாலர் அனுப்பினேன். இப்போது 'இன்சூரன்ஸ்' என்று இன்னும் 200 கேட்கிறார்கள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. (சார்லட்)

பதில்: வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தத் திருடர்கள். நீங்கள் உழைத்த காசு. இந்தப் போலிக் கடைகள் உண்மையான கடைகளின் படம், முகவரி, உரிம எண் வரை எடுத்து ஒட்டிவைக்கிறார்கள்; விவரமானவர்களும் ஏமாந்திருக்கிறார்கள்.

இனி ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். அந்த 200-ஐக் கொடுத்தால் அடுத்து 'சுங்கம்' என்று கேட்பார்கள். இன்றே வங்கியைக் கூப்பிட்டு மோசடி என்று பதிவு செய்யுங்கள். ஜெல்லில் போன பணம் திரும்புவது கடினம். இருந்தாலும் பதிவு இருக்கட்டும், சீக்கிரம் சொன்னவர்களுக்குத்தான் வாய்ப்பு. எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் புகார் கொடுங்கள். திரையில் இருப்பதையெல்லாம் படம் எடுத்து வையுங்கள். வீட்டிலும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

மற்றவர்களுக்கு: இணையத்தில் வாங்கும் ரைஃபிள் உங்கள் ஊர் உரிமக் கடைக்குத்தான் வரும், அங்கே படிவமும் பின்னணிச் சோதனையும் முடித்துத்தான் கைக்கு வரும். நேராக வீட்டுக்கே அனுப்புகிறோம் என்கிற கடை மோசடிக் கடை. கிரெடிட் கார்டு வாங்காமல் ஜெல், கிரிப்டோ மட்டும் கேட்பதும் அப்படியே.

கேள்வி: மிச்சமிருந்த டேக் ஒன்றை ஜூலையில் வாங்கினேன். இப்போது பார்த்தால் அந்தப் பகுதி முழுக்கத் தனியார் நிலம். அடுத்த வாரம் வேட்டை. 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் வாங்கியாச்சு, கடையிலேயே 'போர்-சைட்' செய்து கொடுத்தார்கள், இன்னும் சுட்டுப் பார்க்கவில்லை. டிப்ஸ் சொல்லுங்கள் சார். (ஹூஸ்டன்)

பதில்: அந்த டேக் ஏன் மிச்சமிருந்தது என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டாமா? எந்தெந்தப் பகுதியில் பொது நிலம் கிடைப்பது கடினம் என்பதை மாநில விதிமுறைப் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். இலவசப் புத்தகம். நில எல்லை காட்டும் செயலிகளும் இருக்கின்றன.

இப்போது செய்யக்கூடியது: மாநிலத்தின் 'வாக்-இன்' பகுதிகள் (மாநிலம் ஏற்பாடு செய்து வேட்டைக்குத் திறந்துவிட்ட தனியார் நிலங்கள்) உங்கள் டேக்கில் உள்ள வேட்டைப் பகுதி எண்ணில் உண்டா பாருங்கள். அப்புறம் பண்ணைக்காரர்களுக்குப் போன் செய்து மரியாதையாகக் கேளுங்கள். பணம் வாங்கிக்கொண்டு அனுமதிப்பவர்கள் உண்டு. கேட்காமல் வேலிக்குள் கால் வைக்காதீர்கள்.

போர்-சைட் என்பது சுடாமலே ஸ்கோப்பைக் குழாயோடு ஏறக்குறைய நேர் செய்வது. முதல் தோட்டா காகிதத்தில் எங்காவது படட்டும் என்பதற்கு, அவ்வளவுதான். நாளைக்கே சுடுதளம் போய், ஸ்கோப் திருகுகளைச் சரிபார்த்து, 200 யார்டில் ஜீரோ செய்யுங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைத் திருத்துங்கள். அதற்கு நேரமில்லை என்றால் டேக்கை விட்டுவிட்டு வீட்டிலேயே இருங்கள். சுட்டுப் பார்க்காத ரைஃபிளோடு உயிருள்ள ஒன்றின் முன்னால் போகாதீர்கள்.

கேள்வி: ரைஃபிளை விமானத்தில் கொண்டுபோகலாமா? (சான் ஹோசே)

பதில்: போகலாம். காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில், செக்-இன் மேசையில் சொல்லிவிட்டு. தோட்டா அளவுக்கு விமான நிறுவனத்தின் வரம்பைக் கேளுங்கள். பல நிறுவனங்களில் 11 பவுண்டு.

கேள்வி: இறைச்சி கெடாமல் கொண்டுவர 400 டாலர் கூலர் அவசியமா? பிராங்ஹார்ன் கறி வாடை அடிக்கும் என்கிறார்கள். (மினியாபோலிஸ்)

பதில்: அவசியமில்லை. சாதாரணக் கூலர் இரண்டு, வீட்டிலேயே உறையவைத்த தண்ணீர் கேன்கள், துணிப் பைகள் போதும். எலும்பு நீக்கினால் 15, 18 கிலோ கறிதான் வரும். வாடை என்பது பெரும்பாலும் வேட்டைக்காரர் செய்கிற தாமதம். அதன் மயிர் உள்ளே பொள்ளலானது, சூட்டை வெளியே விடாது. செப்டம்பரில் பகல் வெயில் வேறு. சுட்டவுடன் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் குடலை எடுத்து, தோலை உரித்து, நிழலில் ஆறவிட்டு ஐஸில் வையுங்கள். உருகிய தண்ணீரில் கறி ஊறவேண்டாம். ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளமும் டேக்கும் கறியோடு கூடவே இருக்கட்டும். வழியில் அதிகாரி நிறுத்திக் கேட்பார்.

கேள்வி: வழிகாட்டி ஒருவர் 1,000 டாலர் முன்பணம் கேட்கிறார். எப்படி விசாரிப்பது? (அட்லாண்டா வாசகி)

பதில்: வயோமிங்கில் வேட்டைப் பயணத்தை ஏற்பாடு செய்து தரும் அவுட்ஃபிட்டர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் உரிமம் கொடுக்க மாநில வாரியமே இருக்கிறது. அங்கே அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், போன வருஷம் அவரோடு போன இரண்டு பேரின் எண்ணைக் கேளுங்கள். முன்பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் வந்த பிறகு, கிரெடிட் கார்டில் கட்டுங்கள்.