இரண்டு சர்க்கார், ஒரே தோட்டம்

கேள்வி: பர்மாவில், மோல்மேனில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பீலினுக்குக் கிழக்கே 4 ஏக்கர் ரப்பர் தோட்டம் மலிவாக வருகிறது. விற்பவரிடம், அரசாங்கத்தை எதிர்த்துப் போராடும் கரேன் இனத்தவரின் ஆயுத இயக்கமான கரேன் தேசிய யூனியன் கொடுத்த நிலப் பத்திரம் மட்டும்தான் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு அட்வான்ஸ் கூடக் கொடுக்காதீர்கள்.

பத்திரம் போலி என்று சொல்ல வரவில்லை. அரசாங்க வரைபடத்தில் பீலின் மோன் மாநிலத்தில் இருக்கிறது. யூனியனின் வரைபடத்தில் அது அவர்களுடைய தட்டோன் மாவட்டம், 1-ஆம் படைப்பிரிவின் பகுதி. இரண்டு பேருக்கும் நடுவே 1949 ஜனவரியில் தொடங்கிய போர் இது. தனிநாடு என்ற கோரிக்கை 1976இல் கூட்டாட்சியாக மாறியதே தவிர, சண்டை ஓயவில்லை. இதற்கு நடுவிலும் அவர்கள் நிலத்தை அளந்து பத்திரம் கொடுக்கிறார்கள், 2015இல் நிலக் கொள்கையே வகுத்தார்கள். ஊருக்குள் அந்தத் தாளுக்கு மரியாதை உண்டு. அரசாங்க அலுவலகத்திலோ 2012 விவசாய நிலச் சட்டப்படி கொடுக்கும் படிவம் 7தான் செல்லும். அதுவும் பயிர் செய்யும் உரிமைதான். நிலத்தின் சொந்தக்காரர் அரசு என்கிறது 2008 அரசியல் சாசனம்.

சரி, இரண்டு தாளும் கிடைத்துவிட்டால்? 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் நம் செட்டியார்கள் கையில் இருந்தது. பத்திரமெல்லாம் பக்கா. 1948இல் நிலத்தை தேசியமயமாக்கும் சட்டம் வந்ததும் அதை வைத்து என்ன செய்ய முடிந்தது?

எனக்கு உண்மையான பயம் மூன்றாவது ஆள்மேல்தான். சண்டைக்குப் பயந்து ஓடியவரின் தோட்டம் அடுத்தவர் கைக்குப் போவது அந்தப் பக்கத்தில் சகஜம். காரணமில்லாமல் தரிசு போட்டால் உரிமை போகலாம் என்கிறது அரசாங்கச் சட்டம். திரும்பி வருகிறவருக்கு நிலத்தைக் கொடுக்க வேண்டும் என்கிறது யூனியனின் கொள்கை. அதனால் மரத்தின் வயதைக் கேளுங்கள். நட்ட ரப்பரில் பால் வெட்ட 6, 7 வருஷம் ஆகும். தோட்டத்தில் இப்போது பால் வெட்டுகிறார்கள், விற்பவரோ ஊருக்கு வந்தே 3 வருஷம்தான் என்றால், நட்டது யார்? தூஜியிடமும் (ஊர்த் தலைவர்) நான்கு பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் தனித்தனியாக விசாரியுங்கள். பதில்கள் ஒத்துவராவிட்டால் விட்டுவிடுங்கள்.

அப்புறம் உங்கள் அடையாள அட்டை. நம்மவர்கள் சிலர் கையில் இன்னும் வெளிநாட்டவர் பதிவுச் சீட்டுதான் இருக்கிறது. உங்களுக்கும் அதுதான் என்றால் படிவம் 7ஐ மறந்துவிடலாம்.

எல்லை பார்க்க நீங்களே தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். 2023இல் மட்டும் கண்ணிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் பர்மாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிபட்டார்கள் அல்லது இறந்தார்கள். தினமும் பால் வெட்டப் போகிறவர் முன்னே நடக்கட்டும். யூனியன் பத்திரத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு ராணுவச் சோதனைச்சாவடியைக் கடக்கவும் வேண்டாம். சட்டவிரோதச் சங்கங்கள் பற்றிய 1908 சட்டத்தின் 17(1) பிரிவில் மாட்டினால் தோட்டத்தின் விலையைவிட அதிகமாகச் செலவாகும்.