ஸ்டிக் வெல்டிங்: கேளுங்கள், சொல்கிறேன்

இன்றைக்கு ஸ்டிக் வெல்டிங் மட்டும், அதாவது பூச்சுள்ள ராடுக்கும் இரும்புக்கும் நடுவே மின்பொறியை (ஆர்க்) எரியவிட்டு உருக்கி ஒட்டுவது. மிக், டிக் போன்ற மற்ற வெல்டிங் முறைகளைப் பற்றிப் பேச என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி மெஷின் வாங்கலாம் என்று கேட்டால் பதில் வராது. ஜிஐ பைப் (துத்தநாகப் பூச்சு போட்ட இரும்பு பைப்) பற்றிக் கேட்க வருபவர்கள் ஏற்கெனவே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டாயம் கேட்டிருப்பார்கள்.

கேள்வி: அண்ணா, சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் வாங்கியிருக்கிறேன். ராடை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. ஆம்பியரைக் கூட்டினால் தகடு ஓட்டையாகிறது. நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: நீங்கள் பழகுவது 1.5 மில்லிமீட்டர் தடிமன் ஸ்கொயர் டியூபில் என்று நினைக்கிறேன். எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள், எல்லோருக்கும் ஓட்டைதான் விழுகிறது. மெல்லிய தகடு கை தேர்ந்தவருக்கே சவால். அதைத் தூர வைத்துவிட்டு 5 அல்லது 6 மில்லி தடிமனில் பழைய பிளாட் துண்டு ஒன்றை எடுங்கள். துருவையும் பெயின்டையும் கிரைண்டரில் சுரண்டிவிடுங்கள். எர்த் கிளாம்ப் (மெஷினின் இன்னொரு ஒயரை இரும்போடு இணைக்கும் கவ்வி) கடிக்கும் இடத்தையும் சுரண்டுங்கள். ராடு ஒட்டுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கிளாம்ப்தான், ஆனால் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

2.5 மில்லி 6013 ராடு, 75 முதல் 85 ஆம்பியர். தீக்குச்சி உரசுவது போல ஒரு இழுப்பு, பொறி வந்ததும் ராடின் கம்பித் தடிமன் அளவுக்கு, அதாவது 2 அல்லது 3 மில்லி, தூக்கிப் பிடியுங்கள். ராடு கரைந்து குறையக் குறைய கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். புதியவர் கை அப்படியே நிற்கும். ஆர்க் நீளும், சத்தம் கரகரப்பாகும், சுற்றிலும் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். பயந்து சட்டென்று இறக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பக்கவாட்டில் ஒரு முறுக்கு. வரவில்லையா, ஹோல்டரின் பிடியை அழுத்தி ராடை விடுவித்துவிடுங்கள். அந்தப் பதற்றத்தில் முக ஷீல்டை மட்டும் தூக்கிவிடாதீர்கள். விடுபடும் நொடியில் ஒரு பளிச் இருக்கும்.

அடுத்தது பார்வை. ஆர்க்கின் வெளிச்சத்தைப் பார்க்காமல் அதன் பின்னால் இருக்கும் உருகிய குளத்தைப் பாருங்கள். அதில் இரண்டு திரவங்கள் இருக்கும். மேலே மிதந்து நெளிவது கசடு, ராடின் பூச்சு உருகி வருவது. அதற்கு முன்னால், ஆர்க்கை ஒட்டி, வழவழப்பாக நிறைந்து நிற்பதுதான் இரும்பு. கசடு ஆர்க்கை முந்திக்கொண்டு ஓடினால் அது இரும்புக்குள் மாட்டிக்கொள்ளும். ராடை நீங்கள் போகும் திசைப் பக்கம் 10, 15 டிகிரி சாய்த்து இழுத்துக்கொண்டே போனால் கசடு பின்னால் நிற்கும். இந்த இரண்டையும் கண் பிரித்துப் பார்க்கிற அன்றைக்குத்தான் வெல்டிங் வரத் தொடங்குகிறது.

அப்புறம், பீடு, அதாவது வெல்டு அடித்த கோடு, அழகாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு துண்டுகளைத் தலைகீழ் டி வடிவத்தில் நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு அடியுங்கள். ஆறியதும், நிற்கிற தகட்டை வெல்டு இருக்கும் பக்கமாகவே சம்மட்டியால் அடித்து மடக்குங்கள். பிய்ந்தால் உள்ளே பாருங்கள். அடிமூலையில் இரண்டு தகடும் உருகாமல் வெட்டிய முனை அப்படியே தெரிந்தால், மேலே இரும்பு படுத்திருந்ததே தவிர ஒட்டவில்லை.

கேள்வி: 6013 என்ற எண்ணுக்கு அர்த்தம் உண்டா?

பதில்: உண்டு. 60 என்றால் வெல்டு இரும்பு தாங்க வேண்டிய குறைந்தபட்ச இழுவிசை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்த 1, எல்லா நிலையிலும் அடிக்கலாம் என்பதற்கு. அந்த இடத்தில் 2 இருந்தால் படுக்கை வாட்டத்துக்கும் கிடைமட்ட மூலை வெல்டுக்கும் மட்டும். கடைசி எண் பூச்சையும் மின்னோட்டத்தையும் சொல்கிறது.

கேள்வி: தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டை நம்பலாமா? கறுப்பதற்கு முன்னால் கண் போய்விடாதா?

பதில்: நல்லதாக இருந்தால் நம்பலாம். புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி அதில் எப்போதும் வேலை செய்கிறது. பேட்டரி தீர்ந்து, கண்ணாடி கறுக்காமலே போனாலும் அந்தப் பாதுகாப்பு இருக்கும், வெளிச்சம்தான் கூசும். 60 முதல் 160 ஆம்பியருக்கு ஷேடு (கண்ணாடியின் கறுப்பு அளவு) 10 வையுங்கள். அதற்கு மேல் போனால் 12. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி, கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் உதவாது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கண் உண்டு என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: மதியம் கொஞ்ச நேரம் கண்ணாடி இல்லாமல் டேக் (பொட்டு வெல்டு) அடித்தேன். ராத்திரி கண்ணில் மணல் கொட்டியது போல எரிகிறது, தூக்கமே இல்லை. என்ன போடலாம்?

பதில்: புற ஊதாக் கதிரில் கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது. வெந்த நேரத்தில் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் காட்டும். பெரும்பாலும் ஒன்று இரண்டு நாளில் ஆறிவிடும், ஆனாலும் கண் மருத்துவரிடம் போங்கள். கிரைண்டர் தூள் ஏதும் குத்தியிருக்கிறதா என்று அவர் பார்த்துத்தான் சொல்ல முடியும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், இருட்டறையில் இருங்கள். சமையலறையிலிருந்து எதையும் எடுத்துக் கண்ணில் வைக்காதீர்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை யாராவது கொடுத்தாலும் வீட்டில் போடாதீர்கள். வலி அடங்கும், கருவிழி ஆறுவது தாமதமாகும்.

கேள்வி: ஜிஐ பைப்பில் செடி வைக்க ஸ்டாண்டு செய்யப்போகிறேன். வெல்டு அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறது. பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அது பைப்பின் பூச்சில் இருக்கும் துத்தநாகம். இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அந்த ஆவி காற்றில் பட்டதும் துத்தநாக ஆக்சைடாகி வெள்ளைப் புகையாகச் சுருள்கிறது. மூச்சில் போனால் வாயில் இனிப்புக் கலந்த உலோகச் சுவை, தாகம். சாயங்காலமோ இரவோ குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு வலி. வெல்டும் ஓட்டை ஓட்டையாகத்தான் வரும்.

முதல் யோசனை: பூச்சில்லாத கறுப்பு பைப் வாங்குங்கள், செய்து முடித்துப் பெயின்ட் அடியுங்கள். ஜிஐதான் இருக்கிறது என்றால் இணைப்பிலிருந்து இரண்டு பக்கமும் 5 சென்டிமீட்டராவது பூச்சைத் தேய்த்தெடுங்கள். தேய்க்கும் தூளுக்கும் மாஸ்க் வேண்டும். பைப்புக்கு உள்ளேயும் பூச்சு இருக்கிறது, அதை எட்டித் தேய்க்க முடியாது, ஆகவே புகை முழுதாக நிற்காது. திறந்த வெளியில், காற்று உங்கள் பக்கவாட்டிலிருந்து அடிக்கும்படி நின்று, முகத்தைப் புகைக்கு மேல் கொண்டுபோகாமல் அடியுங்கள்.

கேள்வி: இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை. நான் பழைய ஆள். ஜிஐ அடிப்பதற்கு முன்னால் ஒரு கிளாஸ் பால் குடித்தால் ஒன்றும் செய்யாது. பட்டறையில் எல்லோரும் அப்படித்தான்.

பதில்: அண்ணே, பால் இரைப்பைக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. பால் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, குடியுங்கள். அதைக் குடித்த தைரியத்தில் புகைக்குள் தலையை விடுகிறார்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: (அதே நண்பர்) அப்படியென்றால் எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? ஆரம்பத்தில் காய்ச்சல் வந்தது உண்மை. போகப்போக உடம்பு பழகிவிட்டது. இப்போது லீவு முடிந்து வரும் முதல் நாள் மட்டும் கொஞ்சம் படுத்தும்.

பதில்: நீங்கள் இப்போது சொன்னதுதான் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. இந்தக் காய்ச்சலுக்குத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே ஒரு பெயர் உண்டு. தொடர்ந்து புகையில் நிற்கும்போது உடம்பு அந்தத் தூளுக்கு எதிராகக் காய்ச்சலைக் கிளப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. ஓரிரண்டு நாள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும், திரும்ப வரும் நாளில் மறுபடி நடுக்கம். பழகியது காய்ச்சல் மட்டும்தான். தூள் உள்ளே போவது நிற்கவில்லை. வீட்டில் விடுமுறைக்கு விடுமுறை வெல்டு அடிக்கிறவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் நாள்தான், அவருக்கு இந்தப் பழக்கமே வராது.

கேள்வி: இருவர் சண்டையில் குறுக்கே வருகிறேன். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதாதா?

பதில்: போதாது. வெல்டிங் புகையின் துகள்களில் பெரும்பாலானவை 1 மைக்ரானுக்கும் சிறியவை. துணியின் இழை இடைவெளி அதற்குப் பெரிய வாசல். என்95 போட்டால் துகளைப் பிடிக்கும், பி100 வடிகட்டி போட்ட அரை முக மாஸ்க் இன்னும் நல்லது, ஷீல்டுக்கு அடியிலும் உட்காரும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், அதனால் தாடியுள்ளவர்களுக்கு இரண்டுமே ஒழுகும். துகள் மாஸ்க் வாயுவைத் தடுக்காது என்பதால் காற்றோட்டத்துக்கு அது மாற்று ஆகாது.

கேள்வி: (பழைய ஆள்) எங்கள் காலத்தில் மாஸ்க்கும் இல்லை, இந்தப் பேச்சும் இல்லை. வேலை நடக்கவில்லையா?

பதில்: வேலை நடந்தது, அண்ணே. உங்கள் கையில் இருக்கும் தொழில் எனக்குப் பாதிகூட வராது, அதில் சந்தேகமில்லை. ஆனால் திடமாக இருப்பவர்தான் இங்கே வந்து பேசுகிறார், மூச்சு வாங்குகிறவர் வீட்டில் படுத்திருக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையை முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதற்குப் போதிய சான்று இருப்பவற்றின் பட்டியல் அது. சாதாரண இரும்பின் புகையும் அதில் அடக்கம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியமும் நிக்கலும் வேறு. பால் விஷயத்தை இத்தோடு முடித்துக்கொள்வோம், கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி: ஜிஐ ஷீட்டில் கூரை போடலாம் என்று...

பதில்: ஜிஐ பற்றி மேலே சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க பிரேக் கிளீனர் அடித்துவிட்டு வெல்டு அடிக்கலாமா?

பதில்: குளோரின் கலந்த கிளீனர் என்றால் உயிருக்கே ஆபத்து. பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன் ஆகியவற்றின் ஆவி ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாவிலும் சிதைந்து ஃபாஸ்ஜீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. குளோரின் இல்லாததும் தீப்பிடிக்கும் சரக்குதான். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கிரைண்டர் போடுங்கள்.

கேள்வி: பழைய பெட்ரோல் டேங்கில் சின்ன ஓட்டை. காலியாகத்தான் இருக்கிறது.

பதில்: தொடாதீர்கள். காலி டேங்கில்தான் ஆவியும் காற்றும் வெடிக்கத் தோதாகக் கலந்திருக்கும். கழுவினாலும் மடிப்பிலும் துருவிலும் தங்கியிருக்கும். டிரம்முக்கும் இதே பதில். பெட்ரோலே காணாத பைப்பானாலும் இரண்டு முனையும் மூடியிருந்தால் ஒரு சிறு துளை போட்டுவிட்டு அடியுங்கள், உள்ளே சூடாகும் காற்றுக்கு வழி வேண்டும்.

கேள்வி: 7018 ராடுதான் பலம் என்கிறார்கள். ஒரு பாக்கெட் பிரித்து ஷெட்டில் வைத்திருக்கிறேன். அதையே பயன்படுத்தலாமா?

பதில்: அதன் பெருமையே ஹைட்ரஜன் குறைவு என்பதுதான். பிரித்துப் போட்ட நிமிடத்திலிருந்து பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தின் ஹைட்ரஜன் வெல்டுக்குள் போனால், கெட்டியான இரும்பில் ஆறிய பிறகுகூட விரிசல் விடும். அதனால்தான் வேலைத்தளங்களில் அதைச் சூடான அடுப்புப் பெட்டியில் வைக்கிறார்கள். பழகுவதற்கு அடியுங்கள், தப்பில்லை. தொடங்கும்போது 6013 அளவுக்கு எளிதில் பற்றாது, நின்று போனால் மறுபடி பற்றவைப்பது இன்னும் தொல்லை. ஸ்டாண்டும் மேஜையும் செய்ய 6013 தாராளம்.

கேள்வி: ஹோல்டரை பிளஸ்ஸில் போடுவதா மைனஸ்ஸிலா?

பதில்: 7018 பிளஸ். 6013 இரண்டிலும் ஓடும். தடித்த இரும்பில் பிளஸ் நன்றாக இறங்கும். மெல்லிய டியூபில் மைனஸ் போட்டுப் பாருங்கள், ஓட்டை குறையும். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதை யாராவது படித்தால் எனக்கு இந்தக் கேள்வி வராது.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடாகிறது.

பதில்: சுருட்டி வைத்தபடியே ஓட்டியிருப்பீர்கள். முழுவதும் பிரித்துப் போடுங்கள், தடித்த ஒயராக மாற்றுங்கள். 80 ஆம்பியரில் ஆர்க்கில் சுமார் 23 வோல்ட் என்று வைத்தால் ஆர்க்குக்கே 1,840 வாட் போகிறது. மெஷின் தின்பது தனி.

கேள்வி: மழை விட்டதும் வாசலில் கேட்டை ஒட்டவைக்கலாமா? வெல்டிங் வோல்டேஜ் குறைவுதானே, ஷாக் அடிக்காதே?

பதில்: ஆர்க் எரியும்போதுதான் அந்த 20 சொச்சம். சும்மா இருக்கும்போது ஹோல்டரில் 60, 70, 80 வோல்ட் நிற்கும். காய்ந்த கையும் காய்ந்த ஷூவும் தாங்கும். வியர்வையில் நனைந்த கையுறையும் ஈரத்தரையும் தாங்காது. ராடு மாற்றும்போதுதான் பலர் மாட்டுகிறார்கள், ஒரு கையில் ஹோல்டர், இன்னொரு கையில் ராடு, முழங்கால் கேட்டில். விஆர்டி உள்ள மெஷின் என்றால் சும்மா நிற்கும் வோல்டேஜைக் குறைத்து வைக்கும். இருந்தாலும் தரை காயட்டும். கேட் ஜிஐயா? சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, விடை உங்களுக்கே தெரியும்.

கேள்வி: அண்ணா, பழகி ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளைகளுக்கு ஊஞ்சல் செய்து தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம், தம்பி. ஊஞ்சல், ஏணி, மாடிக் கைப்பிடி, வண்டியை இழுக்கும் கொக்கி, இவையெல்லாம் ஆள் தொங்கும் சாமான்கள். மேலே சொன்ன மடக்கிப் பார்க்கும் சோதனையில் ஒவ்வொரு தடவையும் தேறுகிற வரை அலமாரி செய்யுங்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போகலாமா?

பதில்: உடனே கூடாது. பொறி 10 மீட்டருக்கு மேல்கூடப் பறக்கும். மரத்தூளிலோ பழைய சாக்கிலோ விழுந்து புகை காட்டாமல் கனன்றுகொண்டிருக்கும். அமெரிக்கத் தொழிற்சாலை விதி அரை மணி நேரமாவது ஆள் நின்று பார்க்க வேண்டும் என்கிறது. ஆயுதங்களை எடுத்து வைத்து, பெருக்கி, கேபிளைச் சுருட்டுவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். ஒரு வாளி தண்ணீரும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். மெஷின் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரை எடுங்கள்.

கேள்வி: வார்ப்பிரும்பு?

பதில்: தனி ராடு, தனி வித்தை. அதற்கென்று இருப்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: செங்குத்தாக அடிக்கும்போது எல்லாம் கீழே வழிகிறது.

பதில்: ஆம்பியரை 10 குறையுங்கள், கீழிருந்து மேலே போங்கள். அடியில் சின்னதாக ஒரு திண்டு கட்டி, அதன்மேல் ராடை இடம் வலமாக நகர்த்துங்கள். இரண்டு ஓரத்திலும் ஒரு கணம் நின்று, நடுவில் வேகமாகக் கடக்க வேண்டும். நடுவில் தயங்கினால் வழியும், ஓரத்தில் நிற்காமல் போனால் பள்ளம் விழும். படுக்கையில் பீடு நேராக வராமல் இதை ஆரம்பிக்க வேண்டாம். கழுத்துவரை பொத்தான் போட்ட பருத்திச் சட்டை, ஷூவை மூடும் நீளத்துக்குப் பேன்ட். இந்த நிலையில் தெறிப்பு நேரே காலுக்குத்தான் வரும்.