விரல் ரேகையும் அரை மதிப்பெண்ணும்

(இந்த இதழின் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், அரசுக் கல்லூரியில் 28 ஆண்டுகள் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றுத் தேவிபட்டினத்தில் வசிக்கும் நம் பேராசிரியை.)

கேள்வி: அம்மா, பொறியியல் கலந்தாய்வில் நான் ஆசைப்பட்ட கல்லூரி அரை மதிப்பெண்ணில் கைநழுவிப் போய்விட்டது. பக்கத்து வீட்டு நண்பனுக்கு அதே கல்லூரி கிடைத்துவிட்டது. அவனைவிட நான் அறிவில் குறைந்தவனா? வீட்டில் அப்படித்தான் பார்க்கிறார்கள். கலாம் ஐயாவையே ஒரு தேர்வில் ஒதுக்கினார்களே, பிறகு எதற்கு இந்தத் தேர்வுகளெல்லாம்?
— மாணவன், தொண்டி

பதில்: தம்பி, அந்த அரை மதிப்பெண்ணை முதலில் பிரித்துப் பார்ப்போம். கட் ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆகவே அரை மதிப்பெண் என்பது இயற்பியல் தாளில் ஒரே ஒரு மதிப்பெண். எங்கோ ஒரு ஒரு மதிப்பெண் வினாவில் ‘அ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஆ’ என்று எழுதியிருப்பாய். அவ்வளவுதான் உனக்கும் உன் நண்பனுக்கும் நடுவே உள்ள தூரம்.

என் அப்பா ஏலக்கூடத்தில் மீன் நிறுத்துக் கொடுத்தவர். ஒரே கூடை நகரை மீனை மூன்று தடவை தராசில் வைத்தால் மூன்று எடை காட்டும். தண்ணீர் வடியும், முள் நடுங்கும், கூடையில் ஒட்டிய ஐஸ் உருகும். கால் கிலோவுக்குச் சண்டைக்கு வரும் வியாபாரியிடம், “என் தராசுக்கு அவ்வளவு கண் கிடையாது அண்ணே” என்பார். எந்தத் தேர்வுக்கும் இந்த நடுக்கம் உண்டு. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில், 800 புள்ளிகள் கொண்ட ஒரு பகுதியில் ஏறத்தாழ 30 புள்ளிகள் அப்படியும் இப்படியும் போகலாம் என்று நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். நம் கலந்தாய்வில் இரண்டு பேர் கட் ஆஃபில் சமமாக நின்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் சமவாய்ப்பு எண்ணிடம் போய் நிற்கிறார்கள். சீட்டுக் குலுக்கலுக்குப் பக்கத்து வீடு அது.

எங்கள் மாவட்டத்தில் கலாமைச் சொல்லாமல் கடிதம் முடியாது. சரி, அதையும் சரியாகவே சொல்வோம். விமானப் படைக்கான தேர்வுக்கு அவர் டேராடூன் போனார். 25 பேர் வந்திருந்தார்கள், எட்டு இடங்கள். அவர் ஒன்பதாவது. அங்கே அறிவைவிட ஆளுமையைத்தான் அதிகம் பார்த்தார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் நடுவே இருந்தது இந்தத் தராசு நடுக்கமாகவும் இருக்கலாம். அதற்காகத் தேர்வே பொய் என்று கிளம்பிவிடாதே. அன்றைக்குப் பத்தாவதாக வந்தவர் யார், இருபதாவதாக வந்தவர் யார்? பிற்பாடு பெரிய ஆளான ஒருவரை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் எந்தக் கணக்கும் நமக்குச் சாதகமாகத்தான் வரும்.

துணைக் கலந்தாய்வு இருக்கிறது, அதையும் பார். வீட்டாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: மகன் படிக்கும் பள்ளிக்கு ஒரு நிறுவனத்தார் வந்து, பத்து விரல் ரேகையையும் இயந்திரத்தில் எடுத்து, ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு, முப்பது பக்க அறிக்கை கொடுத்தார்கள். ‘இசை, மொழி ஆகியவற்றில் பிறவித் திறன், அறிவியல் ஒத்துவராது’ என்று போட்டிருக்கிறது. அவனோ கடல் சம்பந்தமான படிப்புத்தான் வேண்டும் என்கிறான். அறிக்கையில் அவன் குணத்தைப் பற்றி எழுதியிருப்பதெல்லாம் அச்சு அசலாகப் பொருந்துகிறது. என்ன செய்வது?
— ஒரு தாய், மண்டபம்

பதில்: ஐயாயிரமா! வைத்தீசுவரன்கோயிலில் கட்டைவிரல் ரேகையை மட்டும் வாங்கிக்கொண்டு போன பிறவி வரைக்கும் சொல்லிவிடுகிறார்களே அம்மா. இவர்கள் பத்து விரலையும் எடுத்துக்கொண்டு பிளஸ் டூவுக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

கோபத்தை விட்டுவிட்டுச் சொல்கிறேன். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே, ஐந்தாறு மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது. பிறகு அது மாறுவதில்லை. அதனால்தான் பத்திரப் பதிவில் உதவுகிறது. எந்தப் பாடம் வரும், எது வராது என்பதற்கும் அதற்கும் முடிச்சுப் போட ஆதாரம் இல்லை. இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2019லேயே இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று அறிவித்துவிட்டது.

அப்படியானால் ஏன் பொருந்துகிறது என்று கேட்பீர்கள். 1948இல் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஆளுக்கொரு தாளாக ‘உன் குணம் இது’ என்று கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லார் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பாலான வரிகள் கடையில் வாங்கிய சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

நானும் என் வகுப்பில் இதைச் செய்திருக்கிறேன். ‘வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் நீ கலங்குகிறாய், உன் உழைப்பை வீட்டில் முழுதாக உணரவில்லை’ என்று எழுதி, 43 பேருக்கு மடித்துக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் தாளைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவன் தாளை வாங்கிப் பார்க்கச் சொன்னேன். இருவரும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். வகுப்பே சிரித்தது, அவன் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வந்து, “மேடம், இதை நானே வைத்துக்கொள்ளலாமா?” என்றான். எல்லாருக்கும் பொதுவான தாள் என்று தெரிந்த பிறகும் கேட்டான். உங்களுக்குப் பொருந்திய அந்தப் பக்கங்களைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவர் பிள்ளையைப் பற்றியது என்று சொல்லிப் படிக்கக் கொடுங்கள். அவரும் தலையாட்டுவார்.

பையன் ஏன் கடல் என்கிறான் என்று அவனிடமே கேட்டீர்களா? மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இன்றும் இருக்கிறது. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி 1977 முதல் நடக்கிறது; மீனவர் பிள்ளைகளுக்கு அங்கே சேர்க்கையில் சலுகையும் உண்டு. உயிரியல் எடுத்திருக்கிறானா, அதில் மதிப்பெண் எப்படி என்று பாருங்கள். அந்த முப்பது பக்கத்தைவிட அந்த ஒரு மதிப்பெண் பட்டியல் அதிகம் சொல்லும்.

கேள்வி: ஒரு மாணவர் கல்லூரியில் தேறுவாரா என்று முன்கூட்டியே சொல்லும் சோதனை ஏதாவது இருக்கிறதா? சேர்க்கையின்போதே தெரிந்தால் நல்லதுதானே?
— ஆசிரியர், சாயல்குடி

பதில்: ஓரளவுக்குச் சொல்லும். அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்பதில்தான் நூறு வருடச் சண்டை. எஸ்.ஏ.டி. முதன்முதலாக 1926இல் நடந்தது. அதை உருவாக்கிய பிரிகாம், முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு வைத்த நுண்ணறிவுச் சோதனையை வைத்துக்கொண்டு, இன்ன இனத்தாருக்கு அறிவு குறைவு என்று 1923இல் எழுதியவர். 1930இல் தன் முடிவுகள் தவறு என்று அவரே திரும்பப் பெற்றார். தேர்வு மட்டும் நிலைத்துவிட்டது.

இப்படிப்பட்ட தேர்வுக்கும் கல்லூரி முதலாண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண்; 0 என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.3 முதல் 0.5 வரை வரும். 0.5 என்றே வைத்துக்கொண்டாலும், மாணவர்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டில் கால் பங்கைத்தான் அது விளக்குகிறது. பள்ளி மதிப்பெண்ணும் ஏறக்குறைய அதே அளவு சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் கொஞ்சம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. (கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு) கொரோனா காலத்தில் இந்தத் தேர்வை விட்டுவிட்டு, கணிதத்துக்கு யார் தயார் என்று தெரியவில்லை என்று 2022இல் திரும்பக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் விட்டது விட்டதுதான்.

ஒரு சூட்சுமமும் உண்டு. விசைப்படகில் ஏறுகிறவர்கள் எல்லாருமே நீந்தத் தெரிந்தவர்கள். அவர்களை மட்டும் வைத்துப் பார்த்தால், நீச்சலுக்கும் யார் நல்ல மீன்பிடிகாரர் என்பதற்கும் சம்பந்தமே இல்லை என்று படும். நீந்தத் தெரியாதவனை யாரும் ஏற்றவில்லை என்பது அந்தக் கணக்கில் வராது. தேர்வு வைத்துப் பொறுக்கி எடுத்த மாணவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் தேர்வு பயனற்றது என்பதும் இதே தப்பு.

ஆனால் ஐயா, யார் மூன்று வருடம் நிற்பார் என்பது வேறு கேள்வி. பாம்பன் பக்கத்துப் பெண் ஒருத்தி, முதல் வாரம் நான் வைத்த பகுத்தறிதல் சோதனையில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். தீபாவளிக்குப் பிறகு வரவில்லை. தேடிப் போனேன். கரையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து கடலில் முங்கிப் பாறையிலிருந்து பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. பாறை கிழிக்காமல் இருக்க. முங்கி முங்கி அம்மாவுக்குக் காதில் சீழ் வைத்துவிட்டதாம். அவருக்குப் பதிலாக இவள் கடலில் இறங்குகிறாள். என் சோதனை அவளைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. நான்தான் அம்மாவின் காதைப் பற்றிக் கேட்காமல் விட்டேன்.

அதற்குப் பிறகு முதல் வாரமே எல்லாரிடமும் மூன்று கேள்விகள் எழுதி வாங்கினேன்: கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, கட்டணத்தை யார் கட்டுகிறார்கள். நம் கரையில் மூன்றாவது கேள்விக்குக் காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பிளஸ் டூ முடிவு வந்து, கல்லூரிக் கட்டணம் கேட்கும் நேரத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும். உங்கள் பள்ளி அரசுப் பள்ளியானால், பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதைப் பள்ளியை விட்டு அனுப்பும் முன்பே சொல்லி, வங்கிக் கணக்கையும் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒன்றில் என் மகளின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 92 என்று வந்தது. கவலைப்பட வேண்டுமா?
— ஒரு தந்தை, கீழக்கரை

பதில்: எத்தனை நிமிடம் நடந்தது, முடிவைக் காட்டும் முன் உங்கள் கைப்பேசி எண்ணைக் கேட்டதா? முறையான சோதனை என்றால் பயிற்சி பெற்ற உளவியலாளர் எதிரே உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்வார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்னொரு நாள் வரச் சொல்வார். 1905இல் பாரிஸில் பினே இந்த வகைச் சோதனையை முதலில் செய்ததே, பள்ளியில் எந்தக் குழந்தைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான். மகளுக்குப் படிப்பில் எங்காவது சிரமம் இருந்தால் அதை எழுதுங்கள், பேசுவோம். இல்லையென்றால் செயலியை நீக்கிவிட்டு, மகளிடம் அந்த எண்ணைப் பற்றி வாய் திறக்காதீர்கள்.