துர்சாஃப்ளொக்குரின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஐஸ்லாந்தின் துர்சாஃப்ளொக்குரின் என்ற ராக் குழுவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அவர்களுடைய 'துர்சாபித்' ஆல்பத்தைக் கேட்டேன். வாசிப்பு பிரமாதம். ஆனால் நீண்ட, சிக்கலான அமைப்புகொண்ட எழுபதுகளின் இங்கிலாந்து ப்ராக்ரெசிவ் ராக்கையே மறுபடி கேட்டதுபோல இருந்தது. நாட்டார் மெட்டை மேலே தூவிவிட்டு, எண்ணவே முடியாத தாளத்தில் சுற்றுகிறார்கள். எளிய மக்களின் பாட்டுக்கு இவ்வளவு சிக்கல் எதற்கு?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்தச் சிக்கலில் பெரும்பகுதி பழைய பாட்டிலேயே இருக்கிறது.

ஐஸ்லாந்தில் ரீமுர் என்று ஒரு கதைப்பாடல் மரபு உண்டு. குளிர்கால இரவுகளில் பண்ணை வீட்டில் எல்லோரும் கம்பளி வேலை பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் தனிக்குரலில் பாடுவார். வாத்தியம் கிடையாது. மோனை விதி மட்டும் கறாரானது: ஓர் அடியில் இரண்டு சொற்கள் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும், அடுத்த அடியின் முதல் அழுத்தமும் அதே ஒலியில் விழ வேண்டும். பாட்டு அந்த அழுத்தங்களின் பின்னால்தான் போகும். அதனால் இரண்டும் மூன்றுமாக எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட மெட்டுகளை நாலு நாலாக வெட்டி டிரம்ஸ் வாசித்திருந்தால்தான் அவற்றைக் கெடுத்திருப்பார்கள்.

அப்புறம் த்வீசோங்குர் என்ற இரட்டைக்குரல் பாட்டு. இரண்டு ஆண்குரல்கள் ஐந்தாம் ஸ்வர இடைவெளியை (ச–ப போல) விடாமல் சேர்ந்தே நகரும்; நடுவில் கீழ்க்குரல் மேற்குரலைத் தாண்டி மேலே போய்விடும். ஐரோப்பிய இசைப் பாடத்தில் இப்படி இணையாக நகர்வது பல நூற்றாண்டுகளாகத் தடை. ஐஸ்லாந்தில் அது பிழைத்துக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்களுக்கு ஆர்கனும் ஹார்மோனியமும் வந்தபோது, படித்தவர்கள் இந்தப் பாட்டைக் கரடுமுரடு என்று ஒதுக்கினார்கள். சிக்லுஃப்யோர்தூர் என்ற வடக்குக் கடலோர ஊரின் பாதிரியார் ப்யார்னி தோர்ஸ்டெய்ன்சன் இவற்றையெல்லாம் தேடித் தொகுத்து 1906 முதல் 1909 வரை வெளியிட்டார். அவருக்கு அந்நாடு பட்டிருக்கும் கடன் மிகப் பெரியது.

இப்போது எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வாருங்கள். ராக் இசையின் பவர் கார்டு என்பது ஒரு ஸ்வரமும் அதன் ஐந்தாவதும், அவ்வளவுதான். கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து முறுக்கும்போது (டிஸ்டார்ஷன்) மூன்றாம் ஸ்வரம் சேர்ந்தால் கரகரத்துக் குழம்பும். ஐந்தாவது மட்டும் கெட்டியாக நிற்கும். ஆகவே கிட்டார் அதே ஐந்தாவதைப் பிடித்துக்கொண்டு நகரும்போது, த்வீசோங்குருக்கு அது ஒன்றும் அந்நியமான ஒலி இல்லை. எகில் ஓலாஃப்சன் 1978இல் இந்தக் குழுவைத் தொடங்கியபோது பஸூன் என்ற தாழ்சுருதி மரக்குழல் வாத்தியம் வாசிப்பவர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு இந்தக் குழுவில் மிகப் பிடித்ததே ரூனர் வில்பெர்க்சனின் அந்த பஸூன்தான். வயதானவர் ஒருவர் மூக்கால் பாடுவதுபோல் மெட்டைச் சொல்லிப் போகிறது.

சரி, இங்கிலாந்து வாசனையே இல்லையா? இருக்கிறது. 'துர்சாபித்'தில் கார்ல் சிக்வாட்சனின் ஆர்கன் வரும் இடங்களில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். 1971இல் 'லிஃபுன்' ஆல்பத்தை வெளியிட்ட த்ரூப்ரோட் என்ற ஐஸ்லாந்து ராக் குழுவில் வாசித்தவர் அவர். அந்த ராக் பழக்கம் கையில் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதை வைத்து முழு ஆல்பத்தையும் நகல் என்று தள்ளிவிட முடியாது.

ஒன்று செய்து பாருங்கள். ஸ்டெய்ன்தோர் ஆண்டர்சன் தனியாகப் பாடிய ரீமுர் பதிவுகள் கிடைக்கும். சிகுர் ரோஸ் என்ற ஐஸ்லாந்து ராக் குழுவோடும் அவர் பாடியிருக்கிறார். அதை முதலில் கேளுங்கள். பிறகு துர்சாஃப்ளொக்குரினின் 1978 ஆல்பம், அதற்கப்புறம் 'துர்சாபித்'. 1982 ஆல்பம் நாட்டார் மெட்டைவிட்டு வேறு பக்கம் போய்விட்டது. அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.